சுயாக் ஏட்டின் விளிம்பு

பிள்ளைகளே,

மீனா என் பழைய அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்: “அப்பா, நீங்க ஒரு தரம் ரோஸ் ஹில் மாதாம் ஒருத்தரை ஆஸ்திரேலியா போகவிடாமப் பண்ணிட்டீங்கன்னு அங்க எல்லாரும் சொல்றாங்க. மெய்யா?”

ராஜா சிரித்தான். உங்கள் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் அப்போது பதில் சொல்லவில்லை. நாம் வீட்டில் பேசுகிற கிரியோலில் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் முடிந்து வேடிக்கைக் கதையாகிவிடும். அதனால் தமிழில் எழுதி வைக்கிறேன். நீங்கள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். இந்த விஷயத்தை அப்படி மெதுவாகப் படிப்பதுதான் சரி.

நான் இந்தத் தீவின் வடக்கே குட்லண்ட்ஸில் பிறந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். கரும்புத் தோட்டங்களில் வேலைநிறுத்தமும் கலகமும் நடந்த வருஷம் நான் ஆறாம் வகுப்பு முடித்திருந்தேன். கூட்டத்தோடு நின்றார் என்று தோட்டத்தில் உங்கள் தாத்தாவின் பெயரை அடித்துவிட்டார்கள். தலைநகர் போர்ட் லூயிஸில் பியூனாக இருந்த என் மாமா என்னைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் பதிகிற அலுவலகத்தில் ஏடு தூக்கச் சேர்த்துவிட்டார். அடுத்த பத்து வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தூசி, படிக்கட்டு, மறுபடியும் தூசி. சாயங்காலம் கோயிலில் தமிழ் வகுப்பு. பிறகு பரீட்சை எழுதி எழுத்தர் ஆனேன்.

என் மேலதிகாரி மிஸ்யே ஃபெலிக்ஸ். ஒல்லியான மனிதர். எந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டு. பேசுவது பிரெஞ்சு, கோபம் வந்தால் மட்டும் கிரியோல். அவர் வாயிலிருந்து “எனக்குத் தெரியும்” என்ற வார்த்தையை நான் கேட்டதில்லை. எதைக் கேட்டாலும் எழுந்து போய் ஏட்டைக் கொண்டுவந்து பக்கத்தைத் திறந்து வைப்பார். தன் சொந்தப் பிறந்தநாளைக் கேட்டாலும் ஏட்டைத்தான் எடுப்பார் என்று நாங்கள் கேலி செய்வோம். பக்கத்தை விரலால் தொட மாட்டார். எலும்பில் செய்த தட்டையான குச்சி ஒன்று வைத்திருந்தார். அதைத் தாளுக்கு அடியில் நுழைத்து, தூங்குகிற குழந்தையைப் புரட்டுவதுபோலப் புரட்டுவார்.

ஒரு பிரதி வெளியே போவதற்கு முன் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் மூல ஏட்டைச் சத்தமாக வாசிப்பார். மற்றவர் பிரதியின் மேல் பென்சில் முனையை ஓட்டிக்கொண்டே போவார். காற்புள்ளியையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அடித்த சொல் இருந்தால் “அடிப்பு” என்று சொல்ல வேண்டும். இதெல்லாம் எல்லா அலுவலகத்திலும் உண்டு. மிஸ்யே ஃபெலிக்ஸ் ஒன்றைக் கூட்டியிருந்தார்: விளிம்பை, அதாவது பக்க ஓரத்தில் எழுதிய குறிப்பை, முதலில் வாசிக்க வேண்டும். அப்பன் பிற்பாடு வந்து பிள்ளையைத் தன் பிள்ளை என்று ஒப்புக்கொண்டது, பெயரைத் திருத்தியது, விவாகரத்து, தோட்டக் கூலியாக வந்தவனின் குடியேற்ற எண் எல்லாம் விளிம்பில்தான் இருக்கும்.

எழுத்தரான புதிதில் நான் ஒரு பெண்ணின் பிறப்புப் பிரதியில் விளிம்பை விட்டுவிட்டேன். அவளுடைய அப்பா அவளை ஒப்புக்கொண்டது அங்கேதான் இருந்தது. கல்யாணத்துக்காகப் பேர் கொடுக்கப் போன இடத்தில், இரண்டு வீட்டார் முன்னால், அவளை அப்பன் பெயர் இல்லாதவள் என்று வாசித்துவிட்டார்கள். மறுநாள் அந்த அப்பா கவுன்டருக்கு வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். மிஸ்யே ஃபெலிக்ஸ் என்னைத் திட்டவில்லை. ஒரு வாரம் முழுக்க விளிம்புகளை மட்டும் சத்தமாக வாசிக்க வைத்தார். அதற்குப் பிறகு நான் ஒரு விளிம்பையும் விட்டதில்லை. அந்த ஒழுங்கில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் வந்துவிட்டது. அதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு ஏடு. ஒன்று அந்தந்த மாவட்டத்தில் இருக்கும், இன்னொன்று போர்ட் லூயிஸில் எங்களிடம்.

சுதந்திரம் வரப்போகிறது என்ற பேச்சு முற்றிய காலத்தில் எங்கள் கவுன்டர் வரிசை படிக்கட்டு வரை நீண்டது. கிரியோல் வீடுகள், வெள்ளைக்காரர் ரத்தம் கலந்த வீடுகள், பாதித் தெரு மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. இந்தியர் கைக்கு ஆட்சி போய்விடும் என்ற பயத்தில் எல்லாருக்கும் ஆஸ்திரேலியா. ஐரோப்பிய வம்சம் என்று தாத்தா பாட்டி வரை காகிதம் காட்டினால்தான் அங்கே எடுப்பார்கள். நான் தமிழன் என்பது முகத்திலேயே தெரியுமே, சிலர் சும்மா விட மாட்டார்கள்.

“சீக்கிரம் எழுதுங்க மிஸ்யே. உங்க ஆளுங்க கொடி ஏத்துறதுக்குள்ள நாங்க கப்பல் ஏறணும்.”

“மெதுவா எழுதினாத்தான் கப்பல் ஏறலாம் மாதாம். பிழை இருந்தா துறைமுகத்திலேயே இறக்கிடுவாங்க.”

அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்தான் மாதாம் ஐரீன். ரோஸ் ஹில்லில் தையல் வேலை செய்தவர். விதவை, அறுபது வயது இருக்கும். ஒரே மகள் சிமோன் புருஷனோடு மெல்போர்ன் போய் நாலு வருஷம். அங்கே ஒரு பேரன் பிறந்திருந்தான், இரண்டாவது குழந்தை வயிற்றில். மகளுக்குப் பிரசவத்துக்கு முன் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே எண்ணம். பேரனின் போட்டோ ஒன்றைக் கைப்பையில் வைத்திருந்தார். வரிசையில் நின்ற எல்லாரும் அதைப் பார்த்தாகிவிட்டது.

“எனக்குச் சுலபம். எங்க தாத்தா பாஸ்தேர் ஜோசப் பென்ஹேல், மெதடிஸ்ட் போதகர். சுத்த இங்கிலாந்துக்காரர்” என்றார்.

அவருடைய பிறப்பும், அவர் அப்பாவின் பிறப்பும் உடனே கிடைத்தன. அப்பாவின் பதிவில் “தகப்பன்: ஜோசப் பென்ஹேல், மெதடிஸ்ட் போதகர்” என்று அழகான கையெழுத்தில் இருந்தது. அடுத்தது அந்தப் போதகரின் கல்யாணப் பதிவு. நடந்தது தெற்குக் கடற்கரையில், சுயாக்கில். எங்கள் ஏட்டைத் திறந்தால், நடுவில் எல்லாம் சுத்தமாக இருந்தது, விளிம்பைக் கரையான் தின்றிருந்தது. போதகர் எந்த ஊரில் பிறந்தார் என்று அதில் இல்லை.

“வீட்டில் பழைய வேதப் புத்தகம், கடிதம் ஏதாவது இருக்கா மாதாம்?” என்று கேட்டேன்.

“சனிக்கிழமை வாங்க. தாத்தாவையே காட்டுறேன்.”

போனேன். மரவீடு. கூடத்துச் சுவரில் பெரிய சட்டம் போட்ட படம். வெள்ளைத் தாடி, கறுப்பு அங்கி, நீலக் கண் என்று சொல்லத் தோன்றும் முகம். மாதாம் ஐரீன் தினமும் அதைத் துணியால் துடைப்பாராம். வேதப் புத்தகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. படத்தின் பின்னால் ஏதாவது குறிப்பு இருக்குமோ என்று கேட்டேன். இறக்கிக் கொடுத்தார்.

“பின்னால சட்டம் போட்ட தச்சன் ஏதோ கிறுக்கியிருக்கான்னு அப்பா சொல்வார். உங்க பாஷை மாதிரி இருக்கே மிஸ்யே வீரப்பன்? படிங்க பார்ப்போம்.”

தமிழ்தான். வெயில் படாத இடம் என்பதால் மை நேற்று எழுதினதுபோலக் கறுப்பாக இருந்தது. “எனக்கு ஞானஸ்நானமும் தம்முடைய பெயரும் தந்த நாகப்பட்டணம் பென்ஹேல் ஐயர். அடியேன் சின்னத்தம்பி.”

உங்களுக்குப் புரிவதற்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் நம் ஊர்ப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வார்கள். ஞானஸ்நானம் கொடுத்த ஐயரின் பெயரையே சிலர் தங்கள் பெயராக வைத்துக்கொள்வார்கள். நன்றிக்காக அவர் படத்தையும் வீட்டில் மாட்டுவார்கள். மாட்டியவர் போய், மகனும் போய், பேத்தி காலத்தில் பெயர் கொடுத்தவரே தாத்தா ஆகிவிட்டார்.

மாதாம் எனக்குக் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். “என்ன போட்டிருக்கு?”

“மங்கிப்போச்சு மாதாம். தெரியலை.”

என் வேலைக் காலம் முழுவதிலும் படித்ததைப் படிக்கவில்லை என்று நான் சொன்னது அந்த ஒரு தடவைதான். அந்தக் கேக்கையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பொய் என்னைச் சும்மா விடவில்லை. திங்கட்கிழமை மிஸ்யே ஃபெலிக்ஸிடம் லீவு சொல்லிவிட்டு சுயாக் பஸ்ஸைப் பிடித்தேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. சுயாக் ஏட்டில் கரையான் இல்லை. கடற்காற்றில் தாள் மட்டும் கொஞ்சம் உப்பியிருந்தது. விளிம்பில் சிறிய எழுத்தில் இருந்தது: “மேற்படி பென்ஹேல், முன்பு சின்னத்தம்பி என்னும் பெயரால் சென்னை மாகாணத்திலிருந்து வந்த குடியேறி.” கீழே ஆறு இலக்க எண்.

அந்த எண்ணைக் கொண்டுபோய்க் குடியேற்ற ஏடுகளில் தேடினேன். படம் ஒட்டியிருந்தது. நல்ல கறுப்பு. ஒட்டிய கன்னம், கழுத்து வரை பொத்தான் போட்ட சட்டை, நேராகப் பார்க்கிற கண். தொழில்: கூலி. ஐந்து வருஷம் கரும்பு வெட்டி, பிறகு தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்து, கடைசியில் போதகர் ஆன மனிதர் இவர்தான். மூக்கும் நெற்றியும் மாதாம் ஐரீனுடையது.

மிஸ்யே ஃபெலிக்ஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கேக் உட்பட. அவர் சுயாக் ஏட்டை அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதினார். துணியில் சுற்றி, அரக்கு வைத்து, பியூன் கையில் பஸ்ஸில் வந்தது. இரண்டு ஏட்டையும் மேஜைமேல் பக்கத்துப் பக்கத்தில் திறந்து வைத்தார்.

“நம்ம ஏட்டிலிருந்து எழுதினால் ‘விளிம்பு சிதைந்தது’ என்று போடுவோம். அது உண்மை. அதை வைத்து அவர் போகலாம். சுயாக் ஏட்டிலிருந்து எழுதினால் விளிம்போடு வரும். அதுவும் உண்மை. கேட்கிறவர் முடிவு செய்யட்டும்” என்றார். பிறகு எலும்புக் குச்சியை என் பக்கம் நீட்டினார். “அவரிடம் இரண்டையும் காட்டப்போகிறீர்களா வீரப்பன்?”

“காட்டத்தான் வேணும் மிஸ்யே.”

“சட்டம் அப்படிச் சொல்லவில்லை.”

“நான் ஒரு தடவை பொய் சொல்லிட்டேன்.”

அவர் குச்சியைக் கீழே வைத்தார். அவ்வளவுதான்.

மாதாம் ஐரீன் மறுநாள் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளிம்பை வாசித்தார். உதடு அசைந்தது. பிறகு குடியேற்ற ஏட்டில் ஒட்டியிருந்த சின்னத்தம்பியின் படத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது என்னைத்தான் பார்த்தார்.

“நாட்டைப் பிடிச்சது போதலையா? எங்க தாத்தாவையும் பிடிச்சுக்கணுமா?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அன்னைக்கு என் வீட்டில படிச்சீங்க, இல்லையா?”

“படிச்சேன் மாதாம்.”

“மங்கிப்போச்சுன்னு சொன்னீங்க.”

“ஆமாம்.”

“என் கேக்கைச் சாப்பிட்டுக்கிட்டே.”

“ஆமாம் மாதாம்.”

படத்தின் பின்னால் இருந்ததை அப்போது சொன்னேன். ஐயர் என்றால் என்ன, பெயர் எப்படி வந்தது எல்லாம் சொன்னேன். “போந்தியே!” என்று கடவுளைக் கூப்பிட்டார். “அப்போ இத்தனை வருஷமா நான் யார் முகத்தைத் துடைச்சுக்கிட்டிருந்தேன்?”

மிஸ்யே ஃபெலிக்ஸ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். இரண்டு பிரதியைப் பற்றியும் நிதானமாகச் சொன்னார். மாதாம் போர்ட் லூயிஸ் ஏட்டைக் காட்டினார். “எனக்கு இது போதும். என் பொண்ணு காத்துக்கிட்டிருக்கா.”

அந்தப் பிரதியை ஒப்பிட நான் உட்காரக் கூடாது என்று மிஸ்யே ஃபெலிக்ஸ் சொல்லிவிட்டார். முழு விளிம்பையும் பார்த்தவன் “சிதைந்தது” என்று மட்டும் கையெழுத்துப் போட முடியாது. சுயாக் ஏட்டைப் பார்க்காத எழுத்தர் ஒருவர் வாசித்தார், இன்னொருவர் பென்சில் ஓட்டினார். “விளிம்பு: சிதைந்தது” என்று அவர் சத்தமாக வாசித்தபோது மாதாம் கைப்பையின் கொக்கியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். முத்திரை குத்திக் கொடுத்தோம். நன்றி சொல்லிவிட்டுப் போனார். முடிந்தது என்று நினைத்தேன். மனசு லேசாகக்கூட இருந்தது.

இரண்டு வாரம் கழித்து அதே மேஜைக்கு வந்தார். கையில் அச்சடித்த தாள் ஒன்று. ஆஸ்திரேலியாவுக்கு ஆள் எடுக்கிறவர்கள் காகிதங்களையெல்லாம் ஏற்றுக்கொண்டார்களாம். கடைசியாக இதில் ஒரு கையெழுத்து மட்டும் பாக்கி. “என் அறிவுக்கு எட்டிய வரை என் தாத்தா பாட்டிமார் ஐரோப்பிய வம்சத்தவர்” என்று வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்துச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும்.

“என் அறிவுக்கு எட்டிய வரை” என்று அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். “போன மாசம் இதைக் கொடுத்திருந்தா சந்தோஷமாப் போட்டிருப்பேன். பொய்யும் இல்லை, பாவமும் இல்லை. நேரா என் பொண்ணுகிட்டப் போயிருப்பேன். உங்களுக்கு மனசு சுத்தமாகணும், அதுக்காக என்கிட்ட எல்லாத்தையும் காட்டினீங்க. இப்போ நான் என்ன பண்ணட்டும் மிஸ்யே வீரப்பன்?”

பிள்ளைகளே, அவர் சொன்னது அத்தனையும் சரி. அவர் மிஸ்யே ஃபெலிக்ஸ் பக்கம் திரும்பினார். மிஸ்யே ஃபெலிக்ஸ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். போய் எடுத்துவர அவரிடமும் ஏடு இல்லை.

“எழுதினதைத்தான் நாங்கள் கொடுக்கிறோம் மாதாம்” என்று கிரியோலில் சொன்னார். கோபம் இல்லாமல் அவர் கிரியோல் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

“போதகர் பேத்தி நான். அவர் எந்த நிறமா இருந்தா என்ன, போதகர்தானே? வேதப் புத்தகத்துமேல கை வச்சுப் பொய் சொல்ல என்னால ஆகாது” என்று எங்களிடம் சொல்வதுபோலத் தனக்கே சொல்லிக்கொண்டார். அந்தத் தாளை மடித்துப் பையில் போட்டார். அதில் அவர் கையெழுத்துப் போடவே இல்லை. அன்றைக்கே சுயாக் ஏட்டிலிருந்து விளிம்போடு ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டார். மகளுக்கு எல்லாவற்றையும் எழுதி, அதோடு சேர்த்து அனுப்பப் போவதாகச் சொன்னார்.

அவர் போகவில்லை. இரண்டாவதாகப் பிறந்த பேத்தியும் போட்டோவில்தான் வந்தாள்.

நாட்டில் கொடி மாறியது. ஊரெல்லாம் விளக்கு. அதற்குச் சில வாரம் கழித்து, மாதாம் ஐரீன் மறுபடியும் வந்தார். வரிசை இல்லை, போக வேண்டியவர்கள் போய்விட்டிருந்தார்கள். ஒரு விமானத் தபால் உறையைக் கவுன்டரில் வைத்தார். உள்ளே எங்கள் முத்திரையோடு மகளுக்கு அனுப்பிய அந்த விளிம்புப் பிரதியே திரும்பி வந்திருந்தது.

“சிமோன் அனுப்பிட்டா. புருஷன் வீட்டுக்குத் தெரியக் கூடாதாம். பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகணுமாம். இது என்கிட்டயும் இருக்கக் கூடாதாம், எரிச்சுடணுமாம்.”

“உங்க பிரதி மாதாம். உங்க இஷ்டம்.”

“இதை எரிச்சா உங்க புத்தகத்திலயும் போயிடுமா?”

“போகாது. அதை யாராலயும் எடுக்க முடியாது. மந்திரி வந்தாலும் முடியாது.”

“நான் செத்த பிறகும்?”

“அப்பவும் இருக்கும்.”

“என் பேரன் பெரியவனாகி வந்து கேட்டா?”

“பேரைச் சொன்னா கொடுப்போம்.”

அவர் பிரதியை நாலாகக் கிழித்து, துண்டுகளைக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் தள்ளினார். “என் வீட்டுக் குப்பையில வேண்டாம். உங்க கூடையில போடுங்க.” கதவு வரை போய்த் திரும்பினார். “சின்னத்தம்பி. சரியாச் சொல்றேனா?”

பிரெஞ்சு பேசுகிற நாக்கு. ஒவ்வொரு எழுத்தையும் ஊசியில் நூல் கோப்பதுபோலச் சொன்னார்.

“சரியாத்தான் சொல்றீங்க மாதாம்” என்றேன்.

மீனா, உன் அலுவலகத்தில் சொல்வது மெய்தான். அந்தப் பேரன் உன் காலத்தில் வரலாம். வந்தால் நம் ஏட்டை எடுக்காதே, அதில் ஒன்றும் இல்லை. சுயாக்கிற்குக் கடிதம் எழுதி வரவழை. ஆனால் ஏட்டைத் திறப்பதற்கு முன்னால், தெரிந்துகொள்ள வேண்டுமா என்று அவனிடம் ஒரு வார்த்தை கேள். நான் அவன் பாட்டியிடம் அதைக் கேட்கவில்லை.